அரை மைல் தூரத்தில் அண்ணன் வீடு

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சலவைச் சட்டை, கையில் ரெக்ஸின் பை, முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. நாச்சியாபுரத்துக்காரர். இந்தப் பத்தியை வாராவாரம் விடாமல் படிக்கிறாராம். (காசு கொடுத்தா, சலூனிலா என்று நான் கேட்கவில்லை.)

"சார், உங்க பேருல துப்பாக்கி லைசென்ஸ் இருக்காமே?"

இருக்கிறது என்றேன்.

"எனக்கும் கெடைக்கிற மாதிரி இருக்கு சார். மொதத் துப்பாக்கி. ரைஃபிள் வாங்கவா, டபிள் பேரல் வாங்கவா? நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்."

பையிலிருந்து ஒரு கேட்டலாக்கை எடுத்து, பெண் போட்டோ காட்டுகிற பக்குவத்தோடு விரித்தார். நான் அதைப் பார்க்கவில்லை.

"உங்க வயலுக்குப் பக்கத்து வயல் யாருது?" என்று கேட்டேன்.

"அவனா? வெளங்காத பய சார். எங்களுக்குள்ள பேச்சு வார்த்தையே கெடையாது."

"அப்ப அவரையும் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போங்க. அவரு எதைக் கைகாட்டுறாரோ அதை வாங்குங்க."

அவர் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார், பாவம். சத்தியமாகக் கேலி இல்லை. பட்டதைச் சொன்னேன். என்ன பட்டேன் என்று கேட்கிறீர்களா?

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கிளார்க். அப்போதும் கிளார்க், இப்போதும் கிளார்க்... அதை விடுங்கள். சாக்கோட்டைக்கு அந்தப் பக்கம் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. கடலை போடுவோம். அதை ஒட்டினாற்போல் என் பெரியப்பா மகன் கருப்பையா அண்ணனுக்கு இரண்டு ஏக்கர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு.

பங்காளிக்கும் பங்காளிக்கும் நடுவில் ஒரு கிணறு இருந்தால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

ஆனால் தப்பு என்னுடையது. தண்ணீர் பாய்ச்சுவதற்கு முறை எழுதியது நான்தான். படித்தவன் அல்லவா, இங்கிலீஷ் தேதியில் எழுதினேன். ஒற்றைப்படைத் தேதி எனக்கு, இரட்டைப்படை அண்ணனுக்கு. எவ்வளவு சுத்தமான ஏற்பாடு! மாதம் பிறந்து மாதம் போனது. முப்பத்தொன்றாம் தேதி நான் பாய்ச்சினேன். மறுநாள் ஒன்றாம் தேதி. அதுவும் ஒற்றைப்படை. நான் மறுபடியும் என்ஜினைக் கிளப்பினேன்.

அண்ணன் வரப்பில் நின்று பார்த்தார். "வருசத்துல ஏழு மாசம் இப்புடித்தான் திருடுவியா?" என்றார். நான் திருடவில்லை, காலண்டர்தான் அப்படி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேறு ஏதோ சொன்னேன். அதை இங்கே அச்சில் போட முடியாது. அன்றோடு பேச்சு நின்றது. நாலு வருஷம்.

இந்த நாலு வருஷத்தில் காட்டுப் பன்றிகளுக்கு மட்டும் எங்கள் குடும்பத்தில் யாரோடும் மனஸ்தாபம் இல்லை. கடலை காய் பிடிக்கிற நேரம் பார்த்துக் கூட்டமாக வரும். காலையில் போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டின மாதிரி கிடக்கும். இரண்டு வருஷம் தொடர்ந்து எங்களுக்கு மிஞ்சியது கொடிதான். தகர டப்பா தட்டிப் பார்த்தோம். வெடி போட்டுப் பார்த்தோம். மூன்றாம் நாளே அவற்றுக்குப் பழகிவிட்டது.

"மூணாவது வருசமும் பன்னிக்குத்தான் வெதைக்கிறதுன்னா சொல்லீருங்க, நெலத்தைக் குடுத்துருவோம்" என்றாள் என் மனைவி மீனாள்.

குடுப்பது என்றால் யாருக்கு? எங்கள் பக்கத்தில் நிலத்தை விற்றால் முதலில் பங்காளியைத்தான் கேட்க வேண்டும். அதாவது, கருப்பையா அண்ணனை! அப்பா உழுத மண்ணை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். நடக்கிற காரியமா? துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டேன்.

மனுவில் ஒரு கட்டம். எந்த வகை ஆயுதம் வேண்டும்?

நான் போகிற சலூனில் ஒரு காலண்டர் தொங்கும். அதில் ஒருவர், செத்த புலியின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, ரைஃபிளோடு நிற்பார். முடிவெட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவரைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு ஆசை வளர்ந்திருந்தது. நாற்பத்திரண்டு வயது, மைனஸ் நாலு கண்ணாடி, சைக்கிளில் ஸ்கூலுக்குப் போகிற கிளார்க்... இருந்தாலும் ஆசைக்கு இதெல்லாம் தெரிகிறதா? கட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன். ரைஃபிள்.

போலீஸ் விசாரணைக்கு ஒரு ஏட்டு வந்தார். டீக்கடையில் என்னைப் பற்றிக் கேட்டார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கடைக்காரர் அள்ளிவிட்டார்.

"நம்ம சாரா? கோவம் வந்துச்சுன்னா ஆயிரம் பேரு வந்தாலும் பின்வாங்க மாட்டாரு ஏட்டய்யா!"

ஏட்டு பென்சிலை நிறுத்தினார். அப்புறம் நான் ஓடிப்போய், ஐயா, எனக்குக் கோபமே வராது, வேண்டுமானால் வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சி, மீனாள் வந்து சாட்சி சொல்லி... அது ஒரு தனிக் கூத்து. எப்படியோ அந்த ரிப்போர்ட் நல்லபடியாகப் போனது.

பத்து நாள் கழித்துத் தாசில்தார் கூப்பிட்டனுப்பினார். நிதானமான மனிதர். பேசும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். மேஜையில் என் மனு. அதன் மேல் இன்னொரு காகிதம் குத்தியிருந்தது.

"உங்க மனுவுக்கு ஒரு ஆட்சேபணை வந்திருக்கு. படிக்கட்டுமா?"

படித்தார். "மேற்படி நபர் பன்றியைச் சுடுவதாகச் சொல்லி என்னைச் சுடுவதற்காகவே துப்பாக்கி கேட்கிறார். கிணற்றுத் தகராறு நிலுவையில் உள்ளது." கீழே கையெழுத்து: கருப்பையா.

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. நிலத்துக்கு வலை வீசுகிறார், பன்றி தின்று தீர்க்கட்டும், நான் ஓடிவந்து அவரிடம் விற்பேன் என்று காத்திருக்கிறார் என்று படபடவென்று பொரிந்து தள்ளினேன். தாசில்தார் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"உங்க வயலைப் போடுங்க."

போட்டேன்.

"பன்னி எந்தப் பக்கமிருந்து வரும்?"

மேற்கே காடு. அம்புக்குறி போட்டேன்.

"காவலுக்குப் பரண் எங்க கட்டுவீங்க?"

எங்கள் வயலில் மேடு என்று இருப்பது மேற்கு மூலை ஒன்றுதான். போட்டேன்.

"அப்ப பன்னி உங்களைத் தாண்டி வயலுக்குள்ள இறங்கினப்புறம் கிழக்கே பாத்துச் சுடுவீங்க. கிழக்க என்ன இருக்கு?"

"எங்க அண்ணன் வீடு சார்."

"எவ்வளவு தூரம்?"

"அரை மைல்."

"ரைஃபிள் குண்டு எவ்வளவு தூரம் போகும், தெரியுமா?"

எனக்கா தெரியாது? எட்டு மாதமாக அதைத்தானே படித்துக்கொண்டிருந்தேன். "ஒரு மைலுக்கு மேலயே போகும் சார்!" என்றேன், நானே செய்த குண்டு மாதிரி.

தாசில்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.  நான் அந்தத் தாளைப் பார்த்தேன். பரண், கடலை, அண்ணன் வீடு. மூன்றும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரே நேராக இருந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பயிர்க் காவலுக்குச் சாதாரணத் துப்பாக்கியே போதும்னுதான் சட்டமும் சொல்லுது. ரைஃபிள்னா பலமான காரணம் காட்டணும். எது வேணும்னு சரியாத் தீர்மானம் பண்ணிட்டு, உங்க அண்ணனையும் கூட்டிக்கிட்டு மதுரைக்கு, கலெக்டர் ஆபீஸுக்குப் போங்க. அவர் அங்க நேர்லயே ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுத்தா நான் சிபாரிசு பண்றேன். பதினஞ்சு நாள்தான் டயம்."

பதினைந்து நாள்! (எங்கள் ஜில்லாவுக்குக் கலெக்டர் ஆபீஸ் அப்போது மதுரையில்தான் இருந்தது.) கடலை அப்போதே பூவெடுத்துவிட்டது. நாலு வருஷம் பேசாத மனிதரைப் பதினைந்து நாளில் எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். மீனாள் சர்வசாதாரணமாக, "நான் அக்காகிட்டச் சொல்றேன்" என்றாள்.

எந்த அக்கா? கருப்பையா அண்ணன் சம்சாரம், என் மதினிதான். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்த நாலு வருஷமும் இவர்கள் இரண்டு பேரும் வாரச் சந்தையில் பார்த்து, பேசி, ஊறுகாய் வரைக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்! போன தீபாவளிக்கு நான் ரசித்துத் தின்ற சீப்புச் சீடை யார் வீட்டுச் சீடை என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சாயங்காலம் சேதி வந்தது. மதினி சொன்னதை மீனாள் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தாள்.

"அவுக கெணத்துத் தகராறுக்காக எழுதிப் போடலடி. நெலத்துக்கும் ஆசைப்படல. எங்க வாசல்ல பிள்ளைக படுத்துக் கெடக்கு. ஒன் வீட்டுக்காரரு கண்ணாடியக் கழட்டுனா எதுக்க வர்ற பஸ்ஸையே பாக்க மாட்டாரு. அவரு கையில ரைஃபிளக் குடுத்தா பன்னியாடி சாகும்?"

எனக்குச் சுருக்கென்றது. நாலு வருஷமாக அந்த மனிதரைப் பற்றி என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். வாசலில் பிள்ளைகள் படுத்திருக்கும் என்பது மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை.

யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி வாங்குகிறவன் அதை எப்போதும் பின்பக்கத்திலிருந்தே பார்க்கிறான். கல்யாண வீட்டுக்கு லவுட் ஸ்பீக்கர் பிடிக்கிறவனும் அப்படித்தான், குழாயின் பின்னால் நின்றுதான் பிரமாதம் என்கிறான். நாய் வாங்குகிறவன் வாலைப் பார்க்கிறான், பல்லைப் பார்ப்பது தபால்காரர். எதிர்ப்பக்கம் இருப்பவனை ஒரு வார்த்தை கேட்டால் என்ன? கேட்பதில்லை.

"வர்றாகளா, இல்லையா? அதைச் சொல்லு" என்றேன்.

"வர்றாக. கடைக்கும் வந்து, தானே பாத்துச் சொல்வாகளாம். ஆனா ஒங்ககூடப் பேச மாட்டாகளாம்."

எங்கள் ஊர்ப் பக்கம் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள் ஒரே காரியமாகப் போக வேண்டி வந்தால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. சாடைப் பேச்சு. நடுவில் யாராவது ஒருவரை வைத்துக்கொண்டு அவரிடம் பேசுகிற மாதிரி பேசுவது. ஆள் கிடைக்காவிட்டால் மாட்டிடம் பேசுவார்கள். மதுரைக்குப் போகிற பஸ்ஸில் எங்களுக்கு மாடு கிடையாது. கண்டக்டர்தான் மாட்டிக்கொண்டார்.

"கண்டக்டரே, சன்னலைச் சாத்தச் சொல்லுங்க. தூசி வருது" என்றார் அண்ணன், ஜன்னலோரம் இருந்த என்னைப் பார்க்காமல்.

"சாத்தினா வேர்க்கும்னு சொல்லுங்க கண்டக்டர்" என்றேன்.

அந்த ஆள் இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாம் தடவை விசிலை ஊதிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

துப்பாக்கிக் கடை மதுரையில் ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் பெரியவர், நரைத்த தாடி. நாங்கள் வந்த விவரத்தைக் கேட்டுக்கொண்டு மூன்று துப்பாக்கியை எடுத்து மேஜையில் ஒரு போர்வை மேல் வைத்தார். ஒரு ரைஃபிள். ஒரு டபிள் பேரல். ஒரு ஒத்தைக் குழல்.

ரைஃபிளைத் தொட்டேன். என்ன வழவழப்பு! வெட்கப்பட்டதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, மனசு இன்னும் சலூன் காலண்டரிலேயே இருந்தது.

"முதலாளி, இது எம்புட்டுத் தூரம் போகும்?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒரு மைலைத் தாண்டும்."

"அதை எடுத்து உள்ள வச்சுருங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டினேன். ரைஃபிள் உள்ளே போனது.

"இந்த ரெண்டும்?"

"இது சிதறு குண்டு. நாப்பது அம்பது கஜத்துக்குள்ள பன்னி விழுந்துரும். அதுக்கு மேல போகப் போக வேகம் செத்துரும். அரை மைலுக்கெல்லாம் வரவே வராது."

"சத்தியமா வராதா?"

"முப்பது வருஷமா விக்கிறேன். வராது."

அண்ணன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

நான் டபிள் பேரலைக் காட்டினேன். ரைஃபிள்தான் போயிற்று, இதிலாவது கொஞ்சம் கம்பீரம் இருக்கட்டுமே.

"முதலாளி, ஒத்தைக் குழலே போதும்னு சொல்லுங்க" என்றார் அண்ணன். "மொதக் குண்டு தப்புச்சுன்னா, அவரு அடுத்ததைப் போடுறதுக்குள்ள நாங்க ஓடிருவோம்ல."

"பன்னியும் ஓடிரும்னு சொல்லுங்க முதலாளி!"

கடைக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒத்தைக் குழலை என் கையில் கொடுத்து, தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். கண்ணாடி இடித்தது. இடது கண்ணை மூடினால் எனக்கு வலது கண்ணும் சேர்ந்து மூடிக்கொள்ளும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. குழல் நுனி காற்றில் ஊஞ்சல் ஆடியது.

அவர் துப்பாக்கியை வாங்கி அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் தயங்கி வாங்கினார். தோளில் வைத்தார். அசையவில்லை.

"ஒரு கேள்வி," என்றார் கடைக்காரர் என்னிடம். "நீங்க காரைக்குடியில வேலை பாக்கறதாச் சொன்னீங்க. வயல்ல காவலுக்கு யார் இருக்கப் போறா?"

சொன்னால் சிரிப்பீர்கள். எட்டு மாதமாக மனுப் போட்டு, சலான் கட்டி, ஏட்டைப் பார்த்து, தாசில்தாரைப் பார்த்து... இதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. துப்பாக்கியும் நானும் காரைக்குடியில் இருப்போம், பன்றியும் கடலையும் சாக்கோட்டையில் இருக்கும். ஏதோ லைசென்ஸ் காகிதத்தைப் பார்த்தாலே பன்றி ஓடிவிடும் என்பது போல!

"உங்களுக்குப் பதிலாத் துப்பாக்கியை வச்சுக்கறதுக்கு ஒரு ஆளை லைசென்ஸுலயே பேர் போட்டுக்கலாம். ரீட்டெயினர்னு ஒரு கட்டம் இருக்கும். நம்பிக்கையான ஆளா இருக்கணும். சுடவும் தெரியணும்" என்றார் அவர்.

 அண்ணன் துப்பாக்கியைப் போர்வை மேல் மெதுவாக வைத்தார்.

அந்த வருஷம் கடலை வீட்டுக்கு வந்ததா என்று தவிக்க வேண்டாம். வந்தது. மூட்டை மூட்டையாக வந்தது. நிலம் இன்னும் எங்கள் பேரில்தான் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், கடைக்குப் போன அதே நாள் மத்தியானம், கலெக்டர் ஆபீஸில் நடந்தது.

ஆயுத லைசென்ஸ் பிரிவில் ஒரு கிளார்க். என் ஜாதி, அதாவது கிளார்க் ஜாதி. சுறுசுறுப்பே இல்லாமல் ஃபைலைப் பிரித்தார். ரைஃபிளை அடித்து, ஒத்தைக் குழல் துப்பாக்கி என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன், தனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

"ரீட்டெயினர் யாராவது உண்டா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்டு சார்" என்றேன். "எழுதிக்கங்க. கருப்பையா. என்னோட பெரியப்பா மகன். எனக்கு இருக்கிறதுலேயே நம்பிக்கையான ஆளு."

 பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

கிளார்க் எழுதப் போனார். பேனா நின்றது. ஃபைலில் இரண்டு காகிதம் பின்னால் புரட்டினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தார்.

"ஏங்க பெரியவரே, 'என்னைச் சுடுவதற்காகவே' அப்படின்னு பெட்டிஷன் போட்டது நீங்கதானே?"

"நாந்தான்."

"இப்ப அதே துப்பாக்கியை நீங்களே வச்சுக்கப் போறீங்களா?"

"அவன் கையில இருந்தாத்தானே சார் எனக்குப் பயம்? எங்கிட்ட இருந்தா எனக்கென்ன பயம்?"

கிளார்க் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேஜையிலும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. நடுவில் கண்டக்டர் இல்லை, கடைக்காரர் இல்லை, யாருமில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன்டா தம்பி... ஒனக்குப் பயமா இருக்கா?"

"இல்லண்ணே" என்றேன்.

பச்சைப் பொய். ஆனால், நாலு வருஷம் கழித்து அண்ணன் கேட்கிற முதல் கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்வீர்கள்?